டிபி வந்ததே இல்லை, ஆனால் டெஸ்ட் பாசிட்டிவ்: உடம்புக்குள் என்ன நடக்கிறது?

செல்வி_கொள்ளிடம்
செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. பல வருடமாக முடக்குவாதம். இதுவரை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையில் சமாளித்து வந்தோம். இப்போது விரல் மூட்டுகள் வளையத் தொடங்கிவிட்டதால், டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கும் ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன்னால் டிபி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இருமல், காய்ச்சல் கிடையாது, எடையும் குறையவில்லை. இருந்தாலும் முதலில் டிபி தடுப்பு மாத்திரை ஆரம்பித்து, ஒரு மாதமாவது போன பிறகுதான் ஊசி என்கிறார்.

"எனக்கு டிபி வந்ததே இல்லை, நம்ம குடும்பத்திலேயே யாருக்கும் வந்ததில்லை, வராத நோய்க்கு எதற்கு மாத்திரை" என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். எனக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிருமி உள்ளே போயிருந்தால் உடம்பு ஏன் அதைக் கொல்லவில்லை? கொல்ல முடியவில்லை என்றால் இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தது? மூட்டுக்குப் போடும் ஊசிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். அப்பா படிப்பார்.

---

பாறைக்குளம்
செவ்வாய், இரவு 11.15

செல்வி, நான் மருத்துவர் இல்லை, கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடம் விட்டுவிட்டு, கிருமி உள்ளே போனதும் நடப்பதைச் சொல்கிறேன்.

டிபி நோயாளி இருமும்போது வரும் துளிகளில் பெரியவை கீழே விழுந்துவிடும். யாராவது மூச்சில் இழுத்தாலும் மூக்குச் சளியில் ஒட்டி வெளியேறிவிடும். 5 மைக்ரானுக்குக் குறைந்த துளிகள்தான் ஆபத்து. அவை மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் இறங்கும். அங்கே மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்கள் எப்போதும் இருக்கின்றன. தூசி, பூஞ்சை, பாக்டீரியா என்று எது வந்தாலும் விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். அந்தப் பையோடு அமிலமும் நொதியும் நிறைந்த இன்னொரு பை வந்து இணையும். உள்ளே இருப்பது செரிந்துபோகும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

டிபி கிருமி அந்த இரண்டு பைகளும் இணைவதைத் தடுத்துவிடுகிறது. இதற்கென்றே தனிப் புரதங்களும் கொழுப்புகளும் வைத்திருக்கிறது. மைக்கோலிக் அமிலம் நிறைந்த அதன் தடித்த மெழுகுச் சுவரை எளிதில் உடைக்கவும் முடியாது. சில நேரம் பையின் சவ்வையே துளைத்துவிடுகிறது. கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. அதிலும் அவசரம் கிடையாது. ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். டிபி கிருமி இரண்டாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும்.

இந்த நிதானம்தான் நம் உடம்பை ஏமாற்றுகிறது. டி செல்கள் என்ற எதிர்ப்பணுக்கள் களத்துக்கு வர வேண்டுமானால், யாராவது கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய்க் காட்ட வேண்டும். ஃப்ளூ மாதிரியான தொற்றில் சில நாட்களிலேயே இந்த வேலை நடந்துவிடும். டிபியில் வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது. தொற்றிய ஒருவருக்குத் தோல் பரிசோதனை பாசிட்டிவாக மாறவே பொதுவாக 3 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் கிருமி நன்றாக இடம்பிடித்துவிடும்.

டி செல்கள் வந்து சேர்ந்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது மேக்ரோஃபேஜை முடுக்குகிறது. அதுவரை தடைபட்டிருந்த கொல்லும் வேலை ஓரளவு நடக்கிறது. கூடவே மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் ஒன்றுகூடிக் கிருமியைச் சுற்றி உருண்டையாக நெருங்கி நிற்கின்றன. அந்த உருண்டைக்குக் கிரானுலோமா என்று பெயர். பலருக்கு அதற்குள்ளேயே கிருமி செத்துவிடுகிறது. சிலருக்குச் சாகாமல், பெருகவும் முடியாமல், பல வருடம் அப்படியே கிடக்கிறது. கோட்டையைச் சுற்றி நடக்கும் முற்றுகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவன் சாகவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. சுற்றி நிற்கும் படை கலையாமல் இருக்கும் வரை இது நீடிக்கும்.

அந்தப் படையைக் கலையாமல் நிறுத்தும் பொருட்களில் முக்கியமானதுதான் டி.என்.எஃப். அதே பொருள்தான் உங்கள் அப்பாவின் மூட்டில் வீக்கத்தையும் தேய்மானத்தையும் உண்டாக்குகிறது. ஊசிக்கு நுரையீரல் எது, மூட்டு எது என்று தெரியாது. இரண்டு இடத்திலும் தடுத்துவிடும்.

இது வெறும் ஊகம் இல்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி புழக்கத்துக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, அதைப் போட்டவர்களில் 70 பேருக்கு டிபி வந்ததை 2001ல் ஒரு ஆய்வு தொகுத்துக் காட்டியது. அவர்களில் 48 பேருக்கு மூன்று ஊசி அல்லது அதற்கும் குறைவாகப் போட்ட நிலையிலேயே நோய் வந்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் வந்ததால், புதிதாகத் தொற்றியதைவிட ஏற்கெனவே உள்ளே இருந்தது எழுந்துகொண்டது என்பதே பொருந்துகிறது. உலகம் முழுக்க இப்போது ஊசிக்கு முன் டிபி டெஸ்ட் கேட்பது அதனால்தான்.

அப்பாவின் ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடவில்லை. டிபி புரதத்தைக் காட்டியதும் அவருடைய டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றனவா என்று பார்த்தது. சுரந்தன. வாழ்க்கையில் எப்போதோ அந்த டி செல்கள் இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கின்றன என்றுதான் அதற்குப் பொருள். அவருக்கு இப்போது டிபி இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

---

தேனி_பாலு
புதன், காலை 6.50

அருமையாகச் சொன்னீர்கள் சார். ஒரு சந்தேகம். உலகத்தில் நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி போயிருக்கிறது என்று எங்கோ படித்தேன். அப்படியானால் நம் ஊரில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர்! எல்லோருக்கும் ஏன் நோய் வரவில்லை?

---

மாலதி_அக்கா
புதன், காலை 8.05

டிபி பிரிவில் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். பாலு தம்பி, நீங்கள் படித்தது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கிருமி தொற்றிய நூறு பேரில் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் நோயாக மாறும். அதிலும் பெரும்பாலும் தொற்றிய முதல் இரண்டு வருடத்துக்குள். மற்றவர்கள் எண்பது வயது வரை வாழ்ந்து வேறு காரணத்தால் இறப்பார்கள். கிருமி தொற்றி நோய் இல்லாமல் இருப்பவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவாது. செல்வி, இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

யாருக்கு நோயாக மாறுகிறது என்றால், களத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தது இவர்களைத்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், இவர்களுக்கு அபாயம் இரண்டு மூன்று மடங்கு. பீடி, சிகரெட், குடி. ஒரு வேளைச் சாப்பாட்டில் காலம் தள்ளுபவர்கள். கல்குவாரியில் வேலை செய்து நுரையீரலில் கல்தூள் படிந்தவர்கள். அந்தத் தூளை விழுங்கி மேக்ரோஃபேஜே செத்துப்போகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலே எச்.ஐ.வி. சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. நோயாளிக்கு வாழ்நாளில் பத்து சதவீதம் என்பது மாறி, ஒரு வருடத்துக்கே பத்து சதவீதம் வரை போய்விடும். டி செல்களில் எச்.ஐ.வி. அழிக்கும் வகையான சி.டி.4 செல்கள் போனால் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்க ஆள் ஏது?

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். டீக்கடை, பஸ், கோர்ட் வராந்தா, சினிமா கொட்டகை எல்லாம் காற்றுதானே.

---

வைகை_மூர்த்தி
புதன், மதியம் 1.20

நல்ல விவாதம். எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஊசி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்றால், கூடவே எதிர்ப்பு சக்தியை ஏற்றும் பொருட்களைக் கொடுத்தால் சமன் ஆகிவிடாதா? கொரோனா காலத்தில் எங்கள் வீட்டில் கபசுரக் குடிநீர், துத்தநாக மாத்திரை, வைட்டமின் டி எல்லாம் எடுத்தோம். டிபிக்கு வைட்டமின் டி நல்லது, அந்தக் காலத்தில் நோயாளிகளை வெயிலில் படுக்க வைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆறு மாதம் ஈரலைக் கெடுக்கும் மாத்திரை சாப்பிடுவதற்கு இது மேல் இல்லையா? தவறாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

---

பாறைக்குளம்
புதன், இரவு 10.30

மூர்த்தி, இந்தக் கேள்வியை வகுப்பில் வருடாவருடம் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் வைட்டமின் டி. ஆய்வகத்தில் அது மேக்ரோஃபேஜுக்கு உதவுவது உண்மை. கிருமியைக் கொல்லும் ஒரு சிறு புரதத்தைத் தயாரிக்க அது வேண்டும். ஆகவே பெரிய அளவில் சோதித்தார்கள். மங்கோலியாவில் டிபி தொற்றாத 8,851 பள்ளிக் குழந்தைகள், வாரம் ஒரு மாத்திரை, மூன்று வருடம். முடிவு 2020ல் வந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி குறைவாகவே இருந்தது. மாத்திரையால் ரத்தத்தில் அளவும் நன்றாக ஏறியது. ஆனால் தொற்றும் குறையவில்லை, நோயும் குறையவில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. எதிர்ப்பு சக்தி என்று ஒரே ஒரு சரக்கு இருப்பதாகவும், அது கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்றும் நாம் நினைக்கிறோம். டிபியைக் கூர்ந்து பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது.

டிபி நோயாளியின் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் ஓட்டை தெரியும், பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டையைப் போடுவது கிருமி மட்டும் இல்லை, பெரும்பங்கு நம் எதிர்ப்பணுக்கள்தான். கிரானுலோமாவின் நடுப்பகுதி செத்து, பாலாடைக்கட்டி போலாகி, பிறகு இளகிக் காற்றுக்குழாயில் உடைத்துக்கொள்கிறது. கிருமி கோடிக்கணக்கில் இருமலில் வெளியேற அந்த ஓட்டைதான் வழி. எச்.ஐ.வி. முற்றி டி செல்கள் மிகவும் குறைந்தவர்களின் எக்ஸ்ரேயில் இந்த ஓட்டை அரிது. கிருமி உடம்பெல்லாம் பரவியிருக்கும், ஆனால் ஓட்டை போட ஆள் இருக்காது.

இன்னொன்று. எச்.ஐ.வி.யும் டிபியும் சேர்ந்தவருக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கி, சி.டி.4 ஏற ஆரம்பிக்கும் வாரங்களில், சிலருக்கு டிபி திடீரென்று மோசமாகும். விட்ட காய்ச்சல் திரும்ப வரும், கழுத்துக் கட்டி பெரிதாகும். மருந்து வேலை செய்யவில்லை என்று குடும்பமே பயந்துபோகும். திரும்பி வந்த டி செல்கள் செத்த கிருமி, உயிருள்ள கிருமி இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் பாய்வதன் விளைவு அது.

மூளைக்காய்ச்சலாக வரும் டிபியைப் பாருங்கள். 2004ல் வியட்நாமில் 545 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. எல்லோருக்கும் டிபி மருந்து. பாதிப் பேருக்குக் கூடவே டெக்ஸாமெத்தசோன், அதாவது எதிர்ப்பு வேலையை அடக்கும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு இல்லாதவர்களில் 41 சதவீதம் இறந்தார்கள், கொடுத்தவர்களில் 32 சதவீதம். எதிர்ப்பை அடக்கியதால் உயிர் பிழைத்தார்கள்.

லலிதா ராமகிருஷ்ணன் என்ற விஞ்ஞானி வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் டிபிக்கு நெருங்கிய உறவான ஒரு கிருமியைச் செலுத்திப் பல வருடம் பார்த்தவர். (சிதம்பரத்தில் பிறந்து 2009ல் நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை.) அந்த மீன் குஞ்சின் உடல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். உள்ளே மேக்ரோஃபேஜ் ஓடுவதையே நேரில் பார்க்கலாம். டி.என்.எஃப். குறைந்தால் கிருமி பெருகி மேக்ரோஃபேஜ் வெடிக்கிறது. கூடினாலும் மேக்ரோஃபேஜ் தானே செத்து வெடித்து, கிருமியை வெளியே விடுகிறது. இரண்டு பக்கமும் தோல்விதான். தொடக்க நாட்களில் கிரானுலோமாவுக்குப் புதிது புதிதாக வந்து சேரும் மேக்ரோஃபேஜ்களே கிருமிக்குப் புது வீடாகிப்போவதையும் அவர் குழு காட்டியது. நாம் காவல் என்று நினைத்த இடம் கிருமிக்குப் பெருகும் இடமாகவும் இருக்கிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2010ல் வந்த ஒரு கண்டுபிடிப்பு. ஃப்ளூ, மலேரியா போன்ற கிருமிகள் நம் எதிர்ப்பணுக்கள் அடையாளம் காணும் பகுதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும், பிடிபடாமல் இருக்க. டிபி கிருமியின் பல வகைகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகள்தான் எதைவிடவும் மாறாமல் இருந்தன. நம்மிடம் பிடிபடுவது அதற்கு நஷ்டம் இல்லை போலிருக்கிறது. டி செல் வந்து சண்டை போட்டால்தானே நுரையீரலில் ஓட்டை விழும், அடுத்தவருக்குப் போக முடியும்?

அதனால்தான் சொல்கிறேன், டி.என்.எஃப். என்ற ஒரு கம்பி அறுந்த இடத்தைக் கபசுரக் குடிநீரோ துத்தநாகமோ நிரப்பாது. கிருமியையே கொன்று குறைத்துவிட்டுப் பிறகு ஊசி போடுவதுதான் வழி. தடுப்பு மாத்திரையின் வேலை அதுதான்.

---

ஓலைச்சுவடி
வியாழன், காலை 7.30

மருத்துவ வரலாறு படிப்பவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மருந்தே இல்லாமல் உடம்பு மட்டும் போராடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கணக்கு இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய காசநோய் நிறுவனம் 1961 முதல் 1968 வரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் சளியில் கிருமி உள்ளவர்களைத் தொடர்ந்து பார்த்தது. ஐந்து வருடத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கினர் கிருமி நீங்கித் தேறினார்கள். மற்றவர்கள் கிருமியோடும் இருமலோடும் அப்படியே இருந்தார்கள். நோய் முற்றிய பிறகும் மூன்றில் ஒருவரை உடம்பே காப்பாற்றியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வியப்பு அதிகமா, துக்கம் அதிகமா என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு கொடுமையான சான்று ஜெர்மனியின் லூபெக் நகரம், 1930. பிறந்த குழந்தைகளுக்கு வாய்வழி பி.சி.ஜி., அதாவது டிபி தடுப்பு மருந்து, கொடுத்தார்கள். ஆய்வகத்தில் அதோடு உயிருள்ள டிபி கிருமி கலந்துபோயிருந்தது. 251 குழந்தைகள் அதைக் குடித்தார்கள், 72 பேர் டிபியால் இறந்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் வந்தது, ஆனால் மருந்தே இல்லாத அந்தக் காலத்தில், பிறந்து சில நாளே ஆன குழந்தைகளில் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டார்கள்.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்கள் பலர் இங்கே இருப்பீர்கள். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928ல் தொடங்கிய டிபி மருத்துவமனையால் வந்த பெயர் அது. அதே இடம் பிற்பாடு நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றானது. மாலதி அக்கா சொன்ன சி.டி.4 கணக்கைப் பார்த்தால் அது ஏன் என்று புரியும்.

மூர்த்தி கேட்ட வெயில் வைத்தியத்துக்கும் சென்னைதான் பதில் சொன்னது. 1956ல் இங்கே தொடங்கிய டிபி மருந்து ஆய்வு மையம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில் ஓய்வு, சத்தான சாப்பாடு, செவிலியர் கவனிப்போடு. மறு பாதி நெரிசலான தங்கள் வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டு, முடிந்தவர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு. இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். குணமானதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய 1959ல் வந்த அந்த முடிவு ஒரு பெரிய காரணமானது.

---

வைகை_மூர்த்தி
வியாழன், காலை 9.10

பாறைக்குளம் சார், விளக்கத்துக்கு நன்றி. ஓட்டை போடுவதில் நம் அணுக்களுக்கும் பங்கு உண்டு என்பது எனக்குப் புதிது. ஆனால் ஓலைச்சுவடி சொல்வதைப் பார்த்தால் சாப்பாட்டுக்கும் டிபிக்குமே சம்பந்தம் இல்லை என்றாகிறதே? மாலதி அக்கா ஒரு வேளைச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வருகிறது என்கிறார். எது சரி?

---

மாலதி_அக்கா
வியாழன், மாலை 5.45

இரண்டும் சரி தம்பி. சென்னை ஆய்வு கேட்ட கேள்வி, மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் வீட்டில் இருந்தே குணமாக முடியுமா என்பது. முடியும். நோயே வராமல் தடுக்கவும், நோயாளி இறக்காமல் இருக்கவும் சாப்பாடு உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கு 2023ல் பதில் வந்தது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்கள். கூட இருப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். ஒரு பாதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். மறு பாதியில் குடும்பத்தினருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. சாப்பாடு கிடைத்த குடும்பத்தினரிடம் டிபி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது, பரவக்கூடிய நுரையீரல் டிபி பாதி அளவுக்குக் குறைந்தது. சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. அரிசியும் பருப்பும்! எந்த பவுடர் டப்பாவும் இந்த வேலையைச் செய்ததில்லை. பசியில் இருக்கும் உடம்பு டி செல்லைக்கூடச் சரியாகத் தயாரிக்காது. அந்தக் குறையைத் தீர்க்கச் சாப்பாடு வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறவர் மேலும் மேலும் மாத்திரை விழுங்கி ஏற்றிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

நம் மாநிலத்தில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று தொடங்கினார்கள். டிபி என்று தெரிந்த அன்றே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மோசமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். டிபியில் இறப்பவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள். மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் முப்பது கிலோவுக்கு இறங்கிய உடம்பு அதுவரை தாங்க வேண்டுமே. இந்த எடை பார்க்கும் வேலை எல்லா மாநிலத்திலும் வர வேண்டும் என்பது என் ஆசை. மிஷின் எதுவும் பெரிதாக வேண்டாம்.

---

தேனி_பாலு
வியாழன், இரவு 8.00

எல்லோரும் குழந்தையிலேயே கையில் பி.சி.ஜி. தழும்பு வாங்கியவர்கள்தானே. அப்புறம் ஏன்?

---

பாறைக்குளம்
வியாழன், இரவு 10.50

பி.சி.ஜி. சிறு குழந்தைகளை டிபி மூளைக்காய்ச்சலிலிருந்தும், உடம்பெல்லாம் பரவும் டிபியிலிருந்தும் நன்றாகவே காக்கிறது. அதற்காகவே அது தேவை, விட்டுவிடக் கூடாது. பெரியவர்களின் நுரையீரல் டிபியில்தான் கை கொடுக்கவில்லை. அதை உலகத்துக்குச் சொன்னதும் நம் செங்கல்பட்டு மாவட்டம்தான். 1968ல் தொடங்கிய சோதனை, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஏழரை வருடக் கணக்கு 1979ல் வெளிவந்தபோது, பெரியவர்களின் நுரையீரல் டிபிக்குப் பாதுகாப்பே தெரியவில்லை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நல்ல பலன் காட்டிய அதே தடுப்பூசி. நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் டிபியின் உறவுக்காரக் கிருமிகளை நாம் ஏற்கெனவே சந்தித்திருப்பதால் ஊசி கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை என்பது வலுவான விளக்கங்களில் ஒன்று.

அரிதாகச் சில குழந்தைகளுக்கு பி.சி.ஜி. ஊசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியே உடம்பெல்லாம் பரவி நோயாகிவிடும். 1996ல் அதற்கு ஒரு காரணம் தெரிந்தது. இன்டர்ஃபெரான் காமாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பி மரபணுக் குறையால் அந்தக் குழந்தைகளிடம் இல்லை. டி செல் கூவுகிறது, மேக்ரோஃபேஜுக்குக் கேட்கவில்லை. ஒரே ஒரு புரதம் இல்லாததால் இவ்வளவும்.

புதிதாக எம்72 என்ற தடுப்பூசி வருகிறது. ஏற்கெனவே கிருமி தொற்றிய பெரியவர்களுக்கு, அதாவது செல்வி அப்பாவைப் போன்றவர்களுக்கு, நோயாக மாறுவதை ஆப்பிரிக்காவில் நடந்த சோதனையில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. 2024ல் பெரிய சோதனை தொடங்கியிருக்கிறது. பலித்தால் நம் நாட்டுக்குத்தான் முதலில் தேவை.

---

அரியலூர்_லேப்
வெள்ளி, காலை 10.15

லேப் டெக்னீஷியன். ஒரு விஷயம் மட்டும். யாராவது "டிபி ஆன்டிபாடி ரத்த டெஸ்ட்" என்று எழுதிக் கொடுத்தால் எடுக்காதீர்கள். கிருமி அணுவுக்குள் ஒளிந்திருப்பதால் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடியை வைத்து நோயை நிச்சயிக்க முடியாது. இந்திய அரசு 2012லேயே அந்த கிட்களைத் தடை செய்துவிட்டது. செல்வி அப்பா எடுத்தது அது இல்லை, டி செல் டெஸ்ட். அது வேறு. நுரையீரலில் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளிப் பரிசோதனைதான்.

---

செல்வி_கொள்ளிடம்
வெள்ளி, இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. அப்பா முழுக்கப் படித்தார், மீன் குஞ்சு பகுதியை இரண்டு தடவை. மாத்திரைக்குச் சம்மதம் சொல்லிவிட்டார், ஆனால் ஈரல் கெடுமா என்ற பயம் இருக்கிறது, ஏற்கெனவே மெத்தோட்ரெக்சேட் வேறு. மாலதி அக்கா, மாத்திரை காலத்திலும் ஊசி ஆரம்பித்த பிறகும் வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

---

மாலதி_அக்கா
சனி, காலை 7.20

செல்வி, அப்பாவின் பயம் நியாயமானது. டிபி தடுப்பு மாத்திரையான ஐசோனியசிட், மெத்தோட்ரெக்சேட் இரண்டுமே ஈரலைத் தொடும். தொடங்கும் முன் ஈரல் ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு, நடுவில் எப்போது திரும்ப எடுப்பது என்று டாக்டரிடம் தேதியாகவே கேட்டு வாங்குங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தினமும் ஐசோனியசிட் ஆறு மாதம் என்று ஒரு முறை, வாரம் ஒரு தடவை வீதம் மூன்று மாதம் என்று இரண்டு மருந்து சேர்ந்த இன்னொரு முறை இருக்கிறது. அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளைப் பார்த்து டாக்டர் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். விரல் நுனி மரத்துப்போகாமல் இருக்க பைரிடாக்சின், அதாவது பி6 மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். பசியே எடுக்காமல் போவது, வாந்தி, சிறுநீர் அடர் மஞ்சளாவது, கண் மஞ்சள் இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். (வாரம் ஒரு தடவை முறையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது மருந்தின் நிறம், அதற்குப் பயப்பட வேண்டாம்.)

ஊசி தொடங்கிய பிறகு இருமலை மட்டும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். பாறைக்குளம் சார் சொன்ன 70 பேரில் 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியேதான் வந்தது. நிணநீர்க் கட்டி, வயிறு, முதுகெலும்பு என்று எங்கே வேண்டுமானாலும் வரும். மாலைக் காய்ச்சல், இரவு வேர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் கட்டி இருந்தால் மூட்டு டாக்டரிடமே போய், டிபி டெஸ்ட் பாசிட்டிவ் வந்தவர், இந்த ஊசி போடுகிறவர் என்று முதலில் சொல்லிவிடுங்கள். வேறு ஊரில் வேறு டாக்டரிடம் காட்ட நேர்ந்தாலும் இந்த இரண்டையும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு தடவை எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.